பில்லில் மட்டும் மாறிய ஃபில்டர்

ரூ. 68,000 செலவாகும் என்றது ஒர்க் ஷாப். ரூ. 1,150க்கு ஒரு டப்பா வாங்கி வந்து வீட்டு முற்றத்திலேயே காரைத் திறந்தார் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். உள்ளே இருந்தது வெறும் அழுக்கு மட்டுமல்ல.

2023 ஜனவரி. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கும் காஜியாபாதில் சூரியனைக் காணோம். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் பின் சீட்டில் சால்வையைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தார் மனைவி. யுபி கேட் பக்கம் ஏறி, ராஜ் நகர் எக்ஸ்டென்ஷன் நோக்கி ஹிண்டன் உயர்மட்டச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டிருந்தார் கணவர். பத்து கிலோமீட்டருக்கு மேல் தூண்கள் மீதே செல்லும் சாலை அது. வழியில் ஒதுங்கி நிற்க இடம் கிடையாது.

முதலில் வேகம் குறைந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி திணறியது. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அடுத்த சில விநாடிகளில் எஞ்சின் நின்றேவிட்டது. நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு அவர் பின் கண்ணாடியைப் பார்த்தார். வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு வண்டியாக முளைத்து, கடைசி நொடியில் விலகி, ஹாரன் அடித்தபடி கடந்துபோனது. மனைவியைக் கீழே இறக்கி நிறுத்தவும் வழியில்லை. நான்கு மணி நேரம் மெஷினோடு இணைந்திருந்துவிட்டு எழுந்த உடம்பு, நிற்கவே தள்ளாடும்.

எட்டு நிமிடம் கழித்து மறுபடி சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் உயிர்த்தெழுந்தது. 30 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் வீடு வந்து சேர்ந்தார்கள். "என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டது வாசலில் இறங்கிய பிறகுதான். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்ததே பெரிய உதவி என்கிறார் அவர்.

அன்று மதியமே கார் ஒர்க் ஷாப்புக்குப் போனது. வாங்கிய நாளிலிருந்து சர்வீஸ் செய்வது அங்கேதான். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள். எரிபொருள் அழுத்தம் குறைவு என்று ஒரு குறியீடு வந்தது. சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். ஹை பிரஷர் பம்ப், நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பரிசோதனை, தேவைப்பட்டால் இரண்டை மாற்றுவது, கூலி, வரி. மொத்தம் ரூ. 68,000. ஒரு வாரம் ஆகும்.

"ஃபில்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார் ஆசிரியர்.

"அது போன முறையே மாற்றியாச்சே சார். உங்கள் பில்லிலேயே இருக்கிறது."

இருந்தது. வீட்டில் ஒரு பச்சை ஃபைல். 2014 மார்ச்சில் கார் வாங்கியதிலிருந்து ஒவ்வொரு ரசீதும் தேதிவாரியாக அதில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் டீசல் ஃபில்டர் மாற்றியதாக ஒரு பில், 2021 பிப்ரவரியில் இன்னொன்று. 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிராக்டிக்கல் நோட்டுகளைத் திருத்தியவர் அவர். பில்லில் இருப்பது நடந்தது என்று நம்பினார்.

பெங்களூரில் இருக்கும் மகன் போனில் கோபப்பட்டான். "பாப்பா, அந்த வண்டிக்கு இன்னும் பதினான்கு மாதம்தான். அதில் போய் அறுபத்தெட்டாயிரமா? வித்துத் தள்ளுங்க."

மகன் சொன்ன கணக்கு தலைநகர் வட்டாரத்தில் டீசல் கார் வைத்திருந்த எல்லோருக்கும் அத்துப்படி. 2012ல் தில்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்த நேரத்தில், நடுத்தர வர்க்கம் டீசல் கார்களை நோக்கி ஓடியது. 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று வெவ்வேறு கம்பெனிகளின் கார்களில் வெவ்வேறு பெயர்களில் ஓடி, "இந்தியாவின் தேசிய எஞ்சின்" என்ற செல்லப் பெயரே வாங்கியது. ஆசிரியரின் காரிலும் அதுதான். அவர் வாங்கிய அதே 2014ன் அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு முழுதாக விலக்கிக்கொண்டது. 2015 ஏப்ரலில், பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் தில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்றது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காஜியாபாத் அந்த வட்டாரத்துக்குள் அடக்கம். ஆக, எஞ்சின் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் 2024 மார்ச்சில் காருக்கு ஆயுள் முடிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்பு செவ்வாய்க்கிழமை வரும். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு மனைவி மருத்துவமனையில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கே கிளம்பியாக வேண்டும். டாக்சியை நம்பி மூன்று முறை பட்டாயிற்று. பனியைப் பார்த்ததும் டிரைவர்கள் சவாரியை ரத்து செய்துவிடுகிறார்கள். நேரம் தவறினால் அன்றைய மெஷின் அடுத்தவருக்குப் போய்விடும்.

சாயங்காலம் அவர் போனது உஸ்தாதிடம். நாற்பது ஆண்டுகள் லாரி எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தவர். கண்ணில் அறுவை சிகிச்சை ஆன பிறகு வேலையை விட்டுவிட்டு, மகனின் பஞ்சர் கடை வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் உஸ்தாத். ஆசிரியர் எல்லோருக்கும் மாஸ்டர்ஜி.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு உஸ்தாத் கேட்டது இரண்டே கேள்விகள்தான். "மெதுவாகப் போகும்போது நன்றாக ஓடுகிறதா? நின்ற பிறகு கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா?"

இரண்டுக்கும் ஆம்.

"அப்படியென்றால் வயிற்றைக் கிழிக்காதீர்கள் மாஸ்டர்ஜி. முதலில் தொண்டையைப் பாருங்கள்."

அதன் அர்த்தம் இயற்பியல் ஆசிரியருக்கு உடனே பிடிபட்டது. ஃபில்டர் அடைத்திருந்தால் கொஞ்சம் டீசல் போகும், நிறைய போகாது. மெதுவாக ஓட்டும்போது அந்தக் கொஞ்சமே போதும். உயர்மட்டச் சாலையில் எழுபது, எண்பதில் போகும்போது எஞ்சின் அதிகம் கேட்கிறது. கேட்டது வராததால் அழுத்தம் விழுகிறது. கம்ப்யூட்டர் அந்த விழுந்த அழுத்தத்தைத்தான் காட்டும். பம்ப் பழுதா, அடைப்பா என்று அதற்குத் தெரியாது. சற்று நேரம் நின்றால் டீசல் கசிந்து வந்து நிரம்பிவிடும். வண்டி மறுபடி ஓடும், மறுபடி கேட்பது அதிகமாகும்வரை.

"ஆனால் ஃபில்டர் 2021ல் மாற்றியதாயிற்றே" என்றார் வீட்டுக்கு வந்து மனைவியிடம்.

"மாற்றினதை நீங்கள் பார்த்தீர்களா ஜி?" என்றார் மனைவி.

அவர் பார்க்கவில்லை. வெயிட்டிங் ரூமில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மனைவி அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. டயாலிசிஸில் ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் என்ற குழாயைக் கழுவிச் சுத்திகரித்து, அதே நோயாளிக்கே சில முறை பயன்படுத்துவது இந்தியாவில் பல இடங்களில் வழக்கம். அதன் மேல் நோயாளியின் பெயர் எழுதிய லேபிள் ஒட்டியிருக்கும். ஊசி குத்துவதற்கு முன்னால் அந்த லேபிளைத் தன் கண்ணால் படித்த பிறகுதான் அவர் கையை நீட்டுவார். டெக்னீஷியன்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். இப்போது அவர் கேட்பதற்கு முன்பே குழாயைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

சனிக்கிழமை காலை ஷஹீத் ஸ்தலில் மெட்ரோ ஏறி காஷ்மீரி கேட் போனார் ஆசிரியர். வடஇந்தியாவின் பெரிய வாகன உதிரி பாகச் சந்தைகளில் ஒன்று அது. காரின் மாடலைச் சொன்னதும் கவுண்டரில் ஒரே மாதிரி மூன்று அட்டைப் பெட்டிகள் வந்து விழுந்தன. ரூ. 350, ரூ. 700, ரூ. 1,150. அச்சு, வண்ணம், எண் எல்லாம் ஒன்றுபோலத்தான். "மூன்றும் ஒரே சாமான்தான் அங்கிள், லேபிள்தான் வேறு" என்றான் கடைப் பையன்.

அவர் மூன்றையும் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தார். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். டீசல் ஃபில்டரின் உயிர் உள்ளே மடித்து மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் இருக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நல்ல ஃபில்டர் அதில் பத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய தூசியையும் பிடித்துவைக்கும். அந்த அளவு தூசி போதும், இன்ஜெக்டரைக் கெடுக்க. டப்பாவுக்குள் காகிதம் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மடிப்பு என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் பார்க்க முடிந்ததைப் பார்த்தார். இரண்டு கடை தள்ளி, ஜிஎஸ்டி எண் போட்ட பில் தந்து, பில்லில் பாகத்தின் எண்ணையும் எழுதித் தருகிற கடையில் ரூ. 1,150க்கு வாங்கினார். ரப்பர் வளையங்கள் தனியாக ரூ. 60.

ஞாயிறு காலை பத்தரை மணி. வீட்டு முற்றம். எஞ்சின் முந்தைய இரவிலிருந்து ஆறிக் கிடக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியாயிற்று. பழைய பனியன் துணி, 10 எம்.எம். சாக்கெட், ஸ்குரு டிரைவர், ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டில். கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உஸ்தாத். கையில் பீடி, ஆனால் பற்ற வைக்கவில்லை. மனைவி சால்வையோடு வந்து நின்று வலது கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். இடது கையில்தான் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் எடை தூக்கக் கூடாது.

"இது என் காலத்து எஞ்சின் இல்லை மாஸ்டர்ஜி" என்றார் உஸ்தாத் முன்கூட்டியே. லாரிகளில் ஃபில்டரை மாற்றினால் புது டப்பாவில் டீசலை ஊற்றி நிரப்புவார்கள். கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றுவார்கள். அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்திவிட்டு எஞ்சினைச் சுழற்றுவார்கள். "அதை இதில் செய்துவிடாதீர்கள். அந்த மெல்லிய இரும்புக் குழாய்களைத் தொடவே வேண்டாம்."

காரணம் அழுத்தம். இந்த வகை எஞ்சினில் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் 1,400 பார் அளவுக்கு அழுத்தப்பட்டு நிற்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அறுநூறு மடங்கு. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே இழக்க நேரலாம். ஃபில்டர் இருப்பது இந்த அழுத்தம் உருவாவதற்கு முந்தைய பகுதியில். அங்கே அந்த ஆபத்து இல்லை. பொறுமையும் சுத்தமும் இருந்தால் போதும்.

எஞ்சினுக்கும் முன் இருக்கைக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரை ஒட்டி இருந்தது ஃபில்டர். கறுத்துப்போன டப்பா. முதலில் சுற்றிலும் இருந்த தூசியைத் துடைத்தார். குழாயைக் கழற்றும்போது அந்தத் தூசி உள்ளே விழுந்தால் எல்லாம் வீண். அடியில் இருந்த சென்சார் ஒயரைப் பிரித்தார். பாட்டிலைக் கீழே பிடித்துக்கொண்டு வடிகுழாய்த் திருகைத் தளர்த்தினார்.

அரை பாட்டில் நிரம்பியது. அப்படியே முற்றத்துத் திண்ணையில் வைத்துவிட்டு மூவரும் பார்த்தார்கள். சில நிமிடங்களில் பாட்டிலுக்குள் ஒரு கோடு விழுந்தது. மேலே பழுப்பு டீசல். கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர்.

ஒன்பதாம் வகுப்பில் அடர்த்திப் பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்கிறார் ஆசிரியர். தண்ணீரின் அடர்த்தி 1. டீசலுக்கு 0.83 சொச்சம். அதனால் தண்ணீர் அடியில் தங்கும். பாதி காலியான டேங்கில் குளிர் இரவுகளில் காற்றின் ஈரம் துளித்துளியாக இறங்கும். பம்பின் நிலத்தடித் தொட்டியிலிருந்தும் வரலாம். டீசலின் வழவழப்பில்தான் ஹை பிரஷர் பம்ப் தேயாமல் ஓடுகிறது. அங்கே தண்ணீர் போனால் அந்த வழவழப்பு போய்விடும், துரு பிடிக்கும். அப்போது ரூ. 68,000 எஸ்டிமேட் நிஜமாகிவிடும்.

அடுத்தது குழாய்கள். எது உள்ளே போவது, எது வெளியே வருவது என்று பிளாஸ்டரில் எழுதி ஒட்டினார். ஒன்பது வருட வெப்பத்தில் இறுகிப்போன பிளாஸ்டிக் கிளிப்புகள். வேகமாக இழுத்தால் ஒடியும். ஒன்றுக்கு மட்டும் இருபது நிமிடம் ஆனது. கழன்ற முனைகளில் சுத்தமான பாலிதீனைச் சுற்றிக் கட்டினார். பிறகு பிடிப்பு வளையத்தைத் தளர்த்தி டப்பாவை மேலே தூக்கினார்.

"இங்கே கொடுங்கள்" என்றார் மனைவி.

பனியன் துணியால் டப்பாவைத் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, டயலைசர் லேபிளைப் படிப்பதுபோலவே ஒவ்வொன்றாகப் படித்தார். கம்பெனியின் பெயர். பாகத்தின் எண். கடைசியாக, தயாரித்த மாதமும் வருடமும்: 11/13.

2013 நவம்பர். கார் ஷோரூமிலிருந்து வெளியே வந்ததே 2014 மார்ச்சில். பிறக்கும்போது காரோடு வந்த ஃபில்டர் அது. 82,000 கி.மீ. ஓடிய பிறகும் அதேதான் அங்கே உட்கார்ந்திருந்தது. 2018 ஆகஸ்டில் அது மாறவில்லை. 2021 பிப்ரவரியிலும் மாறவில்லை. பில்லில் மட்டும் இரண்டு முறை மாறியிருந்தது.

யாரும் எதுவும் பேசவில்லை. உஸ்தாத் பீடியைக் காதில் சொருகிக்கொண்டார். ஆசிரியர் பச்சை ஃபைலை எடுத்து வந்து இரண்டு பில்களையும் மறுபடி பார்த்தார். தொகையைக் கூட்டினால் மூவாயிரத்துக்குள்தான். அந்தப் பணம் அவரை உறுத்தவில்லை. ஹிண்டன் சாலையில் நின்ற எட்டு நிமிடங்கள் உறுத்தின.

"முதலில் வேலையை முடிப்போம்" என்றார் மனைவி.

புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பலாமா என்று கேட்டதற்கு உஸ்தாத் தலையை ஆட்டினார். கேனிலிருந்து ஊற்றுவது வடிகட்டாத டீசல். தப்பித் தவறி வெளியே போகும் பக்கத்தில் ஊற்றினால் அது நேராகப் பம்புக்குப் போகும். இந்தக் காரில் டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கிறது. அதுவே நிரப்பிக்கொள்ளட்டும். ரப்பர் வளையங்களில் மட்டும் விரலால் துளி டீசலைத் தடவி உட்காரவைத்தார். சென்சாரைப் பழைய டப்பாவிலிருந்து கழற்றிப் புதியதில் பொருத்தினார். குழாய்களைத் தள்ளியதும் 'டிக்' என்று சத்தம் கேட்டது. ஒருமுறை இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பேட்டரியை இணைத்தார்.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிப் பத்து விநாடி. டேங்குக்குள் பம்ப் முனகும் சத்தம். ஆஃப். மறுபடி ஆன். இப்படி ஆறு முறை. பிறகு ஸ்டார்ட்.

எஞ்சின் சுழன்றது. பிடிக்கவில்லை.

பத்து விநாடிக்கு மேல் சுழற்றக் கூடாது, ஸ்டார்ட்டர் மோட்டார் சூடாகிவிடும். ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி. பிடித்தது, நான்கு முறை இருமியது, நின்றது. மாலை நான்கு மணிக்குள் பேட்டரி தளர்ந்துவிட்டது. பனி இறங்கத் தொடங்கியது. ரூ. 68,000 எஸ்டிமேட் போட்டவர் சொன்னதுதான் சரியோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. மனைவி உள்ளே போய் படுத்துவிட்டார். செவ்வாய்க்கு இன்னும் ஓர் இரவும் ஒரு பகலும் ஓர் இரவும்தான் இருந்தன.

அன்றிரவு தூங்காமல் யோசித்தார். டீசல் வருகிறது, இல்லாவிட்டால் இருமியிருக்காது. கூடவே காற்றும் வருகிறது. காற்று வர ஓட்டை வேண்டும். தான் கைவைத்த இடங்கள் எத்தனை? இரண்டு குழாய்கள், ஒரு திருகு, ஒரு சென்சார். குழாய்களுக்குப் புது வளையம் போட்டாயிற்று. திருகு புதியது. சென்சார்? பழைய டப்பாவிலிருந்து கழற்றியபோது அதன் பழைய வளையம் கூடவே வந்தது. அதையே திருப்பிப் போட்டிருந்தார்.

திங்கள் காலை சென்சாரைக் கழற்றிப் பார்த்தால், ஒன்பது வருட ரப்பர் தட்டையாகிக் காய்ந்து, ஓரத்தில் கீறலும் விட்டிருந்தது. ரூ. 60க்கு வாங்கிய வளையங்களில் அதற்கானதும் இருந்தது. உபரி என்று நினைத்துப் பெட்டியிலேயே விட்டிருந்தார். மற்றவர்கள் செய்யாத வேலைக்காக அவர்கள் மீது கோபப்பட்டுக்கொண்டே, தான் செய்ய வேண்டியதில் ஒன்றை விட்டுவிட்டோம் என்பதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார்.

உஸ்தாதின் மகன் சார்ஜ் செய்த பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆறு முறை ஆன், ஆஃப். ஸ்டார்ட். எஞ்சின் கொஞ்சம் கரகரத்து, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கசிவு இருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தை அடியில் வைத்துப் பார்த்தார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. அன்று மாலை தனியாகவே ஹிண்டன் சாலையில் ஏறி, எண்பதில் ஒருமுறை போய் வந்தார். பாட்டிலில் இருந்த பழைய டீசலை உஸ்தாத் கேட்டு வாங்கிக்கொண்டார், உதிரி பாகங்கள் கழுவ. சாக்கடையில் கொட்டியிருந்தால் அது யமுனை வரை போகும்.

செவ்வாய் காலை ஐந்து மணிக்குக் கார் கிளம்பியது. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே மருத்துவமனை வாசலில் நின்றது.

மனைவி உள்ளே இருந்த நான்கு மணி நேரத்தில் ஆசிரியர் ஒர்க் ஷாப்புக்குப் போனார். பழைய ஃபில்டரைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தார். சூப்பர்வைசரின் மேசை மேல் அதை வைத்து, பக்கத்தில் இரண்டு பில்களையும் வைத்தார். சூப்பர்வைசர் தேதியைப் படித்தார். பில்லைப் பார்த்தார். மறுபடி தேதியைப் பார்த்தார். அப்போது இருந்த பையன் இப்போது வேலையில் இல்லை என்றார். நாள் ஒன்றுக்கு எத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று மேலிடம் நிர்ணயிப்பதைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் பாகத்தை விட்டுவிடும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கடைசியில், "ஒரு ஃப்ரீ வாட்டர் வாஷ் போட்டுத் தருகிறோம் சார்" என்றார்.

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அந்தப் பேனாவை அவர் விடவில்லை. இரண்டு பில்களிலும் 'டீசல் ஃபில்டர்' என்ற வரியை வட்டமிட்டு, ஓரத்தில் 'செய்யப்படவில்லை' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சூப்பர்வைசரிடமும் கையெழுத்துக் கேட்டார். அவர் போடவில்லை. பில்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று மகன் சொன்னான். வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனைக்குப் போகிறவருக்கு, மூவாயிரம் ரூபாய்க்காக மூன்றாவது நாளையும் கொடுக்க மனமில்லை.

பதினான்கு மாதங்கள் அந்தக் கார் ஒரு நாளும் நிற்கவில்லை. 2024ல், பத்து வருடம் முடிவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆட்சேபணை இல்லாச் சான்றிதழ் வாங்கி, தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே பரேலியைச் சேர்ந்த ஒருவருக்கு ரூ. 1.6 லட்சத்துக்கு விற்றார். வாங்க வந்தவர் பச்சை ஃபைலைப் புரட்டியபடி சிவப்பு மையைப் பார்த்து நின்றார். விற்கிறவர்கள் இப்படிப்பட்டதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ஆசிரியர் முழுக் கதையையும் சொன்னார். காஷ்மீரி கேட் பில்லைக் காட்டினார். வாங்கியவர் பேரம் பேசுவதை அதோடு நிறுத்திக்கொண்டார்.

2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டித் தில்லி வட்டாரத்தில் பழைய வாகன உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டபோது, "அவசரப்பட்டு வித்துவிட்டோமோ?" என்றான் மகன். ஆசிரியர் பதில் சொல்லவில்லை. பரேலிக்காரர் அவ்வப்போது போன் செய்வதுண்டு. வண்டி நன்றாக ஓடுகிறது, அடுத்த ஃபில்டரைத் தானே மாற்றியதாகவும் சொன்னார். டப்பாவில் இருந்த தேதியைப் போட்டோ எடுத்தும் அனுப்பியிருந்தார்.

இப்போது வீட்டில் இருப்பது பெட்ரோல் கார். வேறு ஒர்க் ஷாப். சர்வீஸ் நாளில் ஆசிரியர் வெயிட்டிங் ரூமில் உட்காருவதில்லை. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் டிக்கியில் வைத்துத் தர வேண்டும் என்பது ஒன்றே அவர் போடும் நிபந்தனை. வீட்டுக்கு வந்ததும் அவற்றை மனைவியின் கையில் கொடுக்கிறார். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச்சைச் சாய்த்து, தேதியைப் படிக்கிறார். சரியாக இருந்தால் மட்டுமே பில் ஃபைலுக்குள் போகிறது.